நாயை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்: அரச பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் பற்றி ஒரு மாணவிக்குப் பதில்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, பேராதனையில் கால்நடை வைத்தியம் படிக்கத் தெரிவாகியிருக்கும் ஒரு மாணவி எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அரச பல்கலைக்கழகங்களில் நாய்கள் மீது நடத்தப்படும் வலி தரும் பரிசோதனைகளை நிறுத்த வேண்டுமென்று அமெரிக்காவில் ஓர் இயக்கம் நடப்பதாகப் படித்தேன். அது நியாயமான கோரிக்கையா, விஞ்ஞானம் அறியாதவர்களின் உணர்ச்சிவசமா? நம் இலங்கையில் இதற்குச் சட்டம் ஏதும் உண்டா? படிப்பின் நடுவில் உயிருள்ள நாயொன்றை வெட்டச் சொன்னால் நான் என்ன செய்வது? இவைதாம் அவருடைய மூன்று கேள்விகள். நுவரெலியா மாவட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அரச கால்நடை வைத்தியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

மகள், முதற் கேள்விக்கு என் பதில் ஒளிவுமறைவற்றது. அது நியாயமான கோரிக்கை. நாய் இனியது, நன்றியுள்ளது என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்துக்கு நாய் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்களுள் பாதி ஆரம்பத்திலிருந்தே விஞ்ஞானக் காரணங்களாக இருந்ததில்லை. மீதிப் பாதி விஞ்ஞானத்தாலேயே ஒவ்வொன்றாக வலுவிழந்து வருகிறது. ஆனால் இதைச் சொல்லும்போது நாய்களால் நாம் பெற்றதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது என்பதால், அதையும் கூடவே சொல்லிச் செல்வேன்.

'வலி தரும்' என்ற அடைமொழியைத்தான் முதலில் சரிவர விளங்கிக்கொள்ள வேண்டும். 1909 ஆம் ஆண்டில் இலண்டன் ரோயல் சொசைட்டியின் விருந்தொன்றில் ஒகஸ்டஸ் வொலர் என்ற உடற்றொழிலியலாளர், ஜிம்மி என்ற தம் புல்டோக் நாயின் கால்களை உப்புநீர்ச் சாடிகளில் வைத்து நிறுத்தி, அதன் இதயத்திலிருந்து எழும் மின்னோட்டம் கருவியில் அசைவாகத் தெரிவதை விருந்தினருக்குக் காட்டினார். இன்று ஹட்டன் வைத்தியசாலையில்கூட எடுக்கப்படும் இதய மின்வரைபடத்தின் முன்னோடி அது. இது கொடுமையல்லவா என்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, கடலில் கால் நனைத்தவருக்கு அந்த உணர்வு எப்படியென்று தெரியும் என்ற பொருள்பட உள்துறை அமைச்சர் பதிலளித்தார். அதுவும் நாய் மீதான பரிசோதனைதான். அதில் நாய்க்கு ஒரு துன்பமும் இல்லை. நம் காலத்தில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்திலும் புடாபெஸ்ட் நகரின் அரச பல்கலைக்கழகத்திலும் வீட்டு நாய்களைப் பழக்கி, கட்டாமல், மயக்க மருந்து கொடுக்காமல், காந்த அதிர்வுக் கருவிக்குள் தாமாகவே அசையாது படுக்கச் செய்து மூளையைப் படம் எடுத்திருக்கிறார்கள். நாய் விரும்பினால் எழுந்து போய்விடலாம். இத்தகைய ஆய்வுகளை நிறுத்தச் சொல்பவர் எவரும் இல்லை.

நிறுத்தச் சொல்லப்படுவது வேறு வகை. அமெரிக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு நிறுவனமும் தான் பயன்படுத்திய விலங்குகளை வலியற்றவை, வலிக்கு மருந்து கொடுக்கப்பட்டவை, வலி இருந்தும் மருந்து கொடுக்கப்படாதவை என்று பிரித்து ஆண்டுதோறும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆம் ஆண்டு விதியும் மயக்கத்திலேயே முடிந்துவிடுபவை, இலேசானவை, நடுத்தரமானவை, கடுமையானவை என்று நான்கு தரங்களை வைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துத்தானே வெட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சத்திரசிகிச்சையின்போது நாய் தூங்குகிறது. விழித்த பிறகுதான் துன்பம் தொடங்குகிறது. நெஞ்சைத் திறந்து கருவிகள் பொருத்தப்பட்ட நாய் அடுத்த பல வாரங்களை அவற்றோடு கழிக்கிறது. மருந்தின் நச்சுத்தன்மையை அறிவதற்காக 28 நாட்களோ 90 நாட்களோ தினமும் குழாய்வழி இரைப்பைக்குள் மருந்து செலுத்தப்படும் நாய்க்கு, வலி நிவாரணி ஆய்வின் முடிவைக் குழப்பும் என்ற காரணத்தைக் காட்டி அதைக் கொடுக்காமல் விடுவதும் உண்டு.

நான் கண்டதைச் சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் இந்தியாவில் ஒரு கல்லூரியில் படித்தேன். மருந்தியல் செய்முறை வகுப்பில் நாயின் குருதியமுக்கத்தைப் பதிவு செய்யும் பாடம் ஒன்று இருந்தது. தெருவிலிருந்து பிடித்து வரப்பட்ட நாயை மயக்கி, கழுத்து நாடியில் குழாய் செருகி, இரச அமுக்கமானியோடு இணைத்து, புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையில் ஊசியொன்று அலையலையாகக் கோடு கீறிச் செல்லுமாறு அமைப்பார்கள். தொடை நாளத்தின் வழியாக அதிரினலின் செலுத்தினால் கோடு மேலே ஏறும். அசற்றைல்கோலின் செலுத்தினால் கீழே இறங்கும். ஏறும் என்றும் இறங்கும் என்றும் முதல் நாளே பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் நாங்கள் வந்து நின்றோம். வகுப்பு முடிந்ததும் நாயைக் கொன்றுவிடுவார்கள். ஒரு நாள் மயக்கம் தெளிந்து வரும் அறிகுறியாக நாயின் பின்னங்கால் இழுத்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. செய்முறை உதவியாளர் ஓடிவந்து மருந்தைக் கூட்டினார். உருளைத் தாளில் அந்த இடத்தில் கோடு குழம்பியிருந்தது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அறுபது பேர் நின்ற அந்த அறையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பாடத்திலிருந்து நான் கற்ற மருந்தியல், இன்று கணினித் திரையில் அரை மணி நேரத்தில் கற்கக்கூடியது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட செயலி ஒன்று இதே பரிசோதனையைப் பாவனையாகக் காட்டுகிறது. மருந்தின் அளவை மாணவரே மாற்றிப் பார்க்கலாம், தவறு செய்யலாம், மீண்டும் தொடங்கலாம். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2011 இலும் 2014 இலும் வழங்கிய அறிவுறுத்தல்களுக்குப் பிறகு விலங்கியல் வகுப்புகளில் உடல் வெட்டிப் பார்ப்பது பெரிதும் குறைந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவ மாணவர்களுக்கு உயிருள்ள விலங்குகளைக் கொண்டு கற்பிக்கும் கடைசிக் கல்லூரிகளும் 2016 இல் அதைக் கைவிட்டன. அதனால் அந்நாடுகளில் வைத்தியர்கள் தரம் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இனி, நாயை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். உலகெங்கும் ஆய்வுகூட நாய் என்றால் பெரும்பாலும் பீகிள் இனம்தான். முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். எடை ஏறக்குறைய பத்துக் கிலோ. கூட்டமாகக் கூண்டில் வைத்தாலும் சண்டை பிடிக்காது. வலிக்கச் செய்தவரையும் பெரும்பாலும் கடிக்காது, மறுநாள் அவர் வந்ததும் வாலை ஆட்டும். ஆய்வுகூடக் கையேடுகள் இதைப் 'பணிவான சுபாவம்' என்று எழுதும். நம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வளரும் நாய்களிடமும் நீங்கள் பார்த்திருப்பது இதைத்தான். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் வரை கூட வந்து, கொழுந்து பறிக்கும் பெண்களோடு மலையேறி, சிறுத்தையின் வாடை அடித்தால் முதலில் குரைத்து, சில வேளை அந்தச் சிறுத்தைக்கே இரையாகிப் போகும் நாயை எந்தக் கணக்கப்பிள்ளையும் பேர்ப் பதிவில் சேர்த்ததில்லை. மனிதரை நம்பும் இந்தக் குணம் பதினையாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதரோடு வாழ்ந்து நாய் பெற்றது. அதையே பரிசோதனைக்கு வசதியான தகுதியாக எடுத்துக்கொண்டதில் எனக்கு இன்றுவரை ஒரு கூச்சம் இருக்கிறது.

விஞ்ஞானக் காரணம் என்று சொல்லப்படுவது, நாயின் உடல் மனித உடலுக்கு நெருக்கமானது என்பது. சில விடயங்களில் அது உண்மை. பல விடயங்களில் இல்லை. மனிதருக்கும் வேறு பல விலங்குகளுக்கும் உள்ள ஒரு நொதியம், சில மருந்துகளோடு அசற்றைல் கூட்டத்தைச் சேர்த்து அவற்றை வெளியேற்ற உதவுவது, நாயில் அறவே இல்லை. அதனால் சல்பா வகை மருந்துகளை நாய் உடல் நம்மைப்போலக் கையாளுவதில்லை. இதயத்தசைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளுக்கு நாயில் இயற்கையாகவே ஏராளமான பக்க இணைப்புகள் உண்டு. ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று ஈடு செய்யும். மாரடைப்பு நோயாளியின் இதயம் பெரும்பாலும் அப்படியல்ல. நமக்குப் பழமான முந்திரிகை (திராட்சை) நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், நம் கறிக்கு வேண்டிய வெங்காயம் அதன் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் என்பதைக் கால்நடை வைத்தியர் எவரும் முதலாண்டிலேயே அறிவார்கள்.

இந்த வேறுபாடு உயிரைப் பறித்த சம்பவமும் உண்டு. 1993 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், பயலுரிடின் என்ற மருந்து ஈரல் அழற்சி நோயாளர்கள் 15 பேருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. எலிகளிலும் நாய்களிலும் குரங்குகளிலும் முன்னரே பரிசோதிக்கப்பட்ட மருந்து அது. அந்த விலங்குகளில் தென்படாத நஞ்சு மனித ஈரலில் வெளிப்பட்டது. ஏழு பேருக்கு ஈரல் செயலிழந்தது, ஐவர் இறந்தனர், இருவர் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையால் உயிர் தப்பினர். மனித ஈரல் கலங்களைச் சிறு சில்லு (சிப்) ஒன்றில் வளர்த்து மருந்தைச் சோதிக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. 27 மருந்துகளைக் கொண்டு 2022 இல் வெளியான ஓர் ஆய்வில், ஈரலைப் பாதிக்கும் மருந்துகளுள் 87 சதவீதத்தை அந்தச் சில்லு சரியாக இனங்கண்டது. சில்லு ஒரு முழு உடல் அல்ல. ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்வதன் விளைவை அது காட்டாது. ஆயினும் அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் சோதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியதற்கு இத்தகைய முறைகளின் வளர்ச்சியே காரணம்.

இனி மறுபக்கம். 1889 இல் ஸ்திராஸ்பேர்க் நகரில் மின்கொவ்ஸ்கியும் வொன் மெரிங்கும் ஒரு நாயின் சதையியை (கணையத்தை) அகற்றியபோதுதான் நீரிழிவுக்கும் அந்த உறுப்புக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. 1921 இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பன்ரிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் செய்த பரிசோதனைகளிலிருந்தே இன்சுலின் வந்தது. பல நாய்கள் இறந்தன. அது ஓர் அரச பல்கலைக்கழகம் என்பதும் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது. இன்று தோட்டத்து மருந்தகத்தில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவர்கள். என் மனைவியும் அவர்களுள் ஒருவர். நாய்களுக்கே பயன்பட்டதும் உண்டு. 1970களின் இறுதியில் பார்வோ நோய் உலகெங்கும் பரவிக் குட்டிகள் இரத்தமாகக் கழிந்து இறந்தபோது, சில ஆண்டுகளுக்குள் தடுப்பூசி கண்டுபிடிக்கப்பட்டதற்கு, தடுப்பூசி போட்ட நாய்களுக்கும் போடாத நாய்களுக்கும் வேண்டுமென்றே நோயைத் தொற்ற வைத்துப் பார்த்த பரிசோதனைகள் உதவின. லயத்துக் குட்டிகள் பார்வோவில் ஒரே இரவில் சாவதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். அந்தத் தடுப்பூசி வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் 1921 இல் வேறு வழி இருக்கவில்லை என்பது, இன்றும் வழியில்லை என்பதற்குச் சான்றாகாது. இதை நம் மலையகத்து அனுபவத்திலேயே சொல்லலாம். விசர்நாய் கடித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வயிற்றில் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவார்கள். என் தாத்தாவை 1970களின் தொடக்கத்தில் நாய் கடித்தபோது, தோட்டத்து லொறி கிடைத்த நாள் லொறியிலும் கிடைக்காத நாள் கால்நடையாகவும் பதினான்கு நாள் வைத்தியசாலைக்குப் போய் வந்தார் என்று பாட்டி சொல்வார். அந்த மருந்து, வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளைக்குள் செலுத்தி, நோய் முற்றிய பின் அந்த மூளை இழையத்தை எடுத்துத் தயாரிக்கப்பட்டது. ஆட்டுக்கும் துன்பம், ஊசி போட்டுக்கொள்பவருக்கும் துன்பம். அந்த மூளை இழையமே சிலருக்குக் கைகால் முடக்கத்தையும் ஏற்படுத்தியது. பின்னர் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களில் கிருமியைப் பெருக்கித் தயாரிக்கும் தடுப்பூசி வந்தது. இன்று கையில் சில ஊசிகள் போதும். முடக்க அபாயமும் இல்லை. நோய் கண்டறிதலும் அப்படியே மாறியது. இறந்த நாயின் மூளைத்துளியை எலிக்குஞ்சுகளின் மூளைக்குள் செலுத்திவிட்டு 28 நாள் வரை காத்திருந்த காலம் போய், ஒளிரும் பிறபொருளெதிரியைக் கொண்டு சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் முறை வந்தது. 1970களில் ஆண்டுக்கு 300 பேரைத் தாண்டிய நம் நாட்டு வெறிநோய் மரணங்கள் சில பத்துகளாகக் குறைந்ததற்கு நாய்களுக்கான தடுப்பூசித் திட்டமே முதற் காரணம் என்றாலும், நல்ல ஊசியும் விரைவான பரிசோதனையும் அதற்குத் துணை நின்றன. விலங்கின் வலியைக் குறைத்த வழிதான் மனிதருக்கும் மேலான வழியாக அமைந்தது.

1959 இல் ரஸல், பேர்ச் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: முடிந்தால் விலங்குக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்து, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடிந்த பின் எஞ்சும் துன்பத்தைத் தணி. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இந்த மூன்றையும் மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை. நடைமுறையில் மூன்றாவதே பெரும்பாலும் செய்யப்படுகிறது. முதலாவதைப் படிவத்தில் ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

அரச பல்கலைக்கழகங்களைக் குறிப்பாகச் சொல்வது ஏன் என்றும் நீங்கள் யோசித்திருக்கலாம். தனியார் மருந்து நிறுவனங்களில்தானே அதிக நாய்கள் இருக்கின்றன என்பது சரியே. ஆனால் அரச பல்கலைக்கழகம் பொதுமக்களின் பணத்தில் நடப்பது. அதன் பதிவேடுகளைப் பொதுமக்கள் கேட்கலாம். அதன் சட்டத்தைப் பொதுமக்கள் தெரிவு செய்த சபை மாற்றலாம். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ரொயிட் நகரிலுள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் ஆண்டாண்டாக இதயச் செயலிழப்புப் பரிசோதனைகள் நடந்தன. நாய்களின் நெஞ்சுக்குள் கருவிகள் பொருத்தி, இதயத்தைச் செயற்கையாக வேகமாகத் துடிக்க வைத்து, ஓடுபொறியில் ஓடச் செய்தார்கள். இதை எதிர்த்த வைத்தியர்கள் அமைப்பொன்று தகவல் சட்டத்தின்கீழ் பதிவேடுகளைப் பெற்றுத்தான் அங்கு நடந்ததை வெளியே கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளில் நோயாளிக்குப் பயன்படும் சிகிச்சை எதுவும் கிடைக்கவில்லை என்பது அவர்களின் வாதம். இதயம் எவ்வாறு தளர்கிறது என்ற அடிப்படை அறிவு கிடைத்தது என்பது பல்கலைக்கழகத் தரப்பின் வாதம். 2010 இல் அங்கு இறந்த குவீனி என்ற டல்மேஷன் கலப்பு நாயின் பெயரால், மாநிலத்தின் பொது நிறுவனங்களில் நாய்களுக்கு வலி தரும் பரிசோதனைகளைத் தடைசெய்யும் மசோதா சட்டசபைக்குக் கொண்டுவரப்பட்டது. வர்ஜீனியா மாநிலம் 2018 இல், மருத்துவத் தேவையற்று நாய்களுக்கும் பூனைகளுக்கும் கடும் வலி தரும் ஆய்வுகளுக்கு மாநிலப் பணத்தைச் செலவிடத் தடை விதித்தது. மினசோட்டா 2014 இலேயே, பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு முடிந்ததும் நாயைக் கொல்லாமல் வளர்க்க விரும்புவோருக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

பொதுப்பணத்தில் நடந்தது என்பதற்காகவே ஓர் ஆய்வு பொதுநலத்துக்கு உதவியது என்று ஆகிவிடாது. 1950களிலிருந்து 1980கள் வரை யூட்டா பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்திலும் நூற்றுக்கணக்கான பீகிள்களுக்குக் கதிரியக்கப் பொருட்கள் கொடுக்கப்பட்டு, அவை வாழ்நாள் முழுதும் அவதானிக்கப்பட்டன. டேவிஸில் அந்த நாய்களின் கழிவும் புதைத்த குப்பைகளும் சேர்ந்து நிலத்தை மாசாக்கியதால், 1994 இல் அவ்விடம் தூய்மையாக்கப்பட வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கதிரியக்கம் எலும்பில் புற்றுநோயை எப்படி உண்டாக்குகிறது என்பது பற்றிச் சில தரவுகள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தரவுகளின் விலையைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் அந்த மாநிலத்து மக்களிடம் கேட்கவில்லை.

நம் நாட்டு நிலைமை இரண்டாவது கேள்வி. நம்மிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்குக் கொடுமைத் தடைக் கட்டளைச் சட்டம். பாரவண்டி மாட்டையும் வண்டிக் குதிரையையும் மனதில் வைத்து ஆங்கிலேயர் எழுதியது. அதில் கொடுமைக்கு விதிக்கப்பட்ட தண்டம் நூறு ரூபா. அன்றைக்கு அது தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளம், இன்றைக்கு ஒரு பிளேன்டீயும் வடையும். ஆய்வுகூட விலங்குகளுக்கென்று அனுமதிப்பத்திர முறையோ, திடீரென வந்து பார்க்கும் பரிசோதகர்களோ அதில் இல்லை. சட்ட ஆணைக்குழு 2006 இல் தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் ஆட்சிகள் பல மாறியும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு வந்தது. பேராதனையின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடத்திலும் ஏனைய இடங்களிலும் விலங்கு ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள் இயங்குகின்றன. இந்தக் குழுக்கள் நல்லெண்ணத்தாலும், வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கட்டுரையை ஏற்க நெறிமுறை அனுமதி கேட்பதாலும் உருவானவை. சட்டத்தால் உருவானவை அல்ல. நல்லெண்ணம் உள்ளவர்கள் குழுவில் இருக்கும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு கால்நடை வைத்தியரும், அந்த நிறுவனத்தோடு தொடர்பற்ற வெளியார் ஒருவரும் இருந்தாக வேண்டுமென்று 1985 ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. நம் குழுக்களிலும் கம்பளையிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, விஞ்ஞானம் தெரியாதவராக இருந்தாலும் சரி, உட்கார்ந்து 'இது நாய்க்கு வலிக்குமா, வலித்தால் என்ன செய்வீர்கள்' என்று சாதாரணத் தமிழிலோ சிங்களத்திலோ கேட்க வேண்டும் என்பது என் ஆசை. விளக்க முடியாத ஆய்வை நடத்தாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கால்நடை வைத்தியர் ஒருவர் கத்தி பிடிக்காமல் கற்க முடியாது என்பதை முதலில் மனதில் வையுங்கள். சத்திரசிகிச்சை கைப்பழக்கம். கேள்வி, யாருடைய உடலில் அந்தக் கை பழகுவது என்பதே. முன்பு பல நாடுகளில் நல்ல ஆரோக்கியமான நாயை மயக்கி, ஒரே நாயில் பல சத்திரசிகிச்சைகளைப் பழகி, கடைசியில் அதைக் கொன்றுவிடுவார்கள். கலிபோர்னியாவில் 2003 இல் தொடங்கிய ஒரு கால்நடை வைத்தியக் கல்லூரி, கற்பித்தலுக்காக எந்த ஆரோக்கியமான விலங்கையும் துன்புறுத்தவோ கொல்லவோ மாட்டோம் என்ற கொள்கையோடே ஆரம்பித்தது. இயற்கையாக இறந்த செல்லப்பிராணிகளின் உடலை உரிமையாளர்கள் தானமாகக் கொடுத்தார்கள். பிற கல்லூரிகள் தெருநாய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சையை மாணவர்களின் பயிற்சிக்களமாக்கின. இது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள். நம் நகரங்களிலும் தோட்டங்களிலும் கருத்தடைக்குக் காத்திருக்கும் பெட்டை நாய்களுக்குக் குறைவில்லை. ஒரு முகாமில் மூத்த வைத்தியர் பக்கத்தில் நிற்க, மாணவி ஒருவர் கருப்பையை அகற்றிக் காயத்தைத் தைத்தால், அவருக்குக் கை பழகும், நாய்க்கு வலி நிவாரணி கிடைக்கும், மறுநாள் அது மீண்டும் லயத்து வாசலில் படுத்திருக்கும். பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த முகாமில், பக்கத்து லயத்து முத்தம்மாள் பாட்டி தன் நாய் கண் விழிக்கும்வரை தன் சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற மாணவர்கள், எந்த விரிவுரையிலும் கற்காததைக் கற்றார்கள் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சிக்கும் இதே வழிதான். அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் 2003 இலிருந்து, இயற்கையாகவே புற்றுநோய் வந்த வீட்டு நாய்களுக்கு, உரிமையாளரின் சம்மதத்தோடு, புதிய சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்க்கும் திட்டத்தை நடத்துகிறது. நோயை உண்டாக்கத் தேவையில்லை, அது ஏற்கனவே வந்திருக்கிறது. குணமானால் நாய்க்கும் நன்மை, அறிவுக்கும் நன்மை.

ஆகவே உங்களிடம் ஒரு செய்முறை கேட்கப்பட்டு, அது ஆரோக்கியமான நாய்க்கு அதன் நன்மைக்கன்றி வலி தருவதாக உங்களுக்குத் தோன்றினால், வகுப்பில் எழுந்து கூச்சலிட வேண்டியதில்லை. விரிவுரையாளரிடம் தனியே சென்று, இதற்கு நெறிமுறை அனுமதி உண்டா, இதே பாடத்தைப் பிரேதத்திலோ மாதிரியிலோ கணினியிலோ கற்க வழியுண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்றைய விரிவுரையாளர்களில் பலர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள். 1903 இல் இலண்டனில் ஒரு நாயின் மீதான சத்திரசிகிச்சையைப் பார்வையாளராக அமர்ந்து கவனித்த இரண்டு சுவீடன் மாணவிகள் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததுதான், வழக்காகவும் சிலையாகவும் தெருக்கலவரமாகவும் மாறி, இங்கிலாந்து முழுவதையும் இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது. நீங்கள் கலவரம் செய்ய வேண்டாம், நாட்குறிப்பு எழுதலாம்.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை நாய்கள் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தப்பட்டன, அவை எங்கிருந்து வந்தன, எத்தனை ஆய்வுகளுக்கு நெறிமுறை அனுமதி கொடுக்கப்பட்டது, எத்தனைக்கு மறுக்கப்பட்டது, வலி நிவாரணி எப்படிக் கொடுக்கப்பட்டது, இறுதியில் அந்த நாய்களுக்கு என்ன ஆனது என்று எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் மாணவியாகச் சேர்ந்த பின் இப்படி எழுதத் தயங்குவீர்கள் என்றால், விண்ணப்பத்தின் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள்; ஓய்வூதியக்காரனுக்குத் தபால் கந்தோருக்குப் போய் வர நேரம் இருக்கிறது.